புராஜெக்ட் தலைப்பை முதல் வாரத்தில் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசைன் கல்லூரிகளில் இறுதிப் பருவம் தொடங்கியதும் மாணவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். தலைப்பு, நோக்கம், யாருக்காக, எதிர்பார்க்கும் விளைவு என்று நான்கு கட்டங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். அந்த வாரம் விடுதியில் யாரைக் கேட்டாலும் ‘ஐடியாவே வரல’ என்பதுதான் பேச்சு. இந்தத் தலைமுறைக்குக் கற்பனை வற்றிவிட்டது, எந்நேரமும் போன் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். போனுக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறோம். ஆனால் முதல் குற்றவாளி அந்தத் தாள்தான் என்பது பொருள் வடிவமைப்புப் பாடம் நடத்தும் எங்கள் கருத்து.

நான்காவது கட்டத்தைப் பாருங்கள். யாரையும் போய்ப் பார்க்காமல், எதையும் கையில் எடுத்து அளக்காமல் விளைவை எழுதச் சொன்னால், ஏற்கெனவே தலைக்குள் கிடப்பதைத்தான் எழுத முடியும். அதனால்தான் வருஷா வருஷம் அதே வரிசை: பார்வையற்றோருக்கு ஸ்மார்ட் கைத்தடி, மடித்து வைக்கும் தள்ளுவண்டி, மூங்கில் நாற்காலி, விவசாயிக்கு ஒரு ஆப். போன வருஷம் சீனியர் செய்ததற்கு இந்த வருஷம் நிறம் மாறியிருக்கும், அவ்வளவே.

தலைக்குள் முதலில் வந்து உட்காரும் படம் எவ்வளவு பிடிவாதமானது என்பதை ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதிரிக்கு ஒரு படம் கொடுத்தார்கள். வேண்டுமென்றே குறையோடு வரைந்த படம், அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. அந்தப் பிரிவில் பலர், நிபந்தனையைப் படித்த பிறகும், உறிஞ்சுகுழலையே வரைந்து கொடுத்தார்கள். படம் பார்க்காத பிரிவில் அது குறைவு. பார்வையற்றோருக்கான அளவுக் கோப்பை, காரில் சைக்கிள் ஏற்றும் தாங்கி ஆகியவற்றிலும் மாதிரியில் இருந்த குறைகள் விடைகளில் அப்படியே வந்து சேர்ந்தன. ஒரே ஒரு படத்துக்கு இந்தப் பாடு. புராஜெக்ட் கொடுத்த அன்றிரவே பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தில் 200 படங்களைச் சேமித்துவைக்கும் மாணவரின் கதி என்ன ஆகும்?

படம் தேடுவதே தப்பு என்று சொல்லவில்லை. முதல் ஒரு வாரம் தேடவேண்டாம், அவ்வளவுதான். அதன்பிறகு தேடும்போதும் பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் பளபளப்பான படங்கள்தான் வரும். அந்தப் பொருளைப் பழுதுபார்க்கும் வீடியோக்களைத் தேடினால் எது முதலில் உடைகிறது, எதைக் கழற்ற முடியவில்லை என்பது தெரியும். புராஜெக்டுக்கு வேண்டியது அது. செயற்கை நுண்ணறிவில் படம் வரைந்து வாங்குவதில் கூடுதலாக இன்னொரு தொல்லை இருக்கிறது. வரும் படம் முடித்த பொருள் மாதிரியே இருக்கும்; நிழல், மினுமினுப்பு எல்லாம் உண்டு. கீல் எங்கே, திருகாணி எங்கே என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. பென்சில் கிறுக்கலைக் கிழித்துப்போட யாருக்கும் மனம் வலிக்காது. அந்தப் படத்தைக் கிழிக்க வலிக்கும், அதனால் மாணவர் அதிலேயே நின்றுவிடுகிறார். ஐம்பது கிறுக்கல் போட்டு முடித்தபின், ‘இதை யாரால் பயன்படுத்த முடியாமல் போகும்?’ என்று கேள்வி கேட்க அந்தக் கருவியைப் பயன்படுத்தினால் பலன் இருக்கிறது.

சரி, அந்த ஒரு வாரம் என்ன செய்வது? 1958-இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி கொடுத்த அறிக்கையில் இதற்கு வழி இருக்கிறது. 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட அடித்தளமாக அமைந்த அறிக்கை அது. இந்தியாவில் தாங்கள் பார்த்ததில் மிக அழகான பொருள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரணச் செம்பு. அதைப் புகழ்ந்ததோடு விடவில்லை. ஒரு செம்பை வடிவமைக்கப் புகுந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று கேள்விகளாக அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் மொள்ள வேண்டும், எப்படித் தூக்குவார்கள், தலையிலா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும், நிறைந்தபின் எங்கே நிற்கும், கழுவக் கை நுழையுமா, சூடாக இருந்தால் பிடிக்க முடியுமா, இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன சத்தம் வரும், பழசானால் என்ன விலைக்குப் போகும். இப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு ஐடியா பஞ்சம் வராது.

நம் தெருவிலேயே இதைச் செய்துபார்க்கலாம். பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். 15 லிட்டர் கொள்ளும் குடம் என்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதை இடுப்பில் வைத்து நடப்பவரைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். குடத்தின் வயிறு இடுப்பெலும்பின்மேல் உட்காருகிறது, கை கழுத்தைச் சுற்றி வருகிறது, உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது. கழுத்து குறுகலாக இருப்பது கைக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும்தான். கழுத்துவரை நிரப்பினால் தண்ணீரின் மேற்பரப்பு ஒரு சாண்கூட இராது, ஆடுவதற்கு இடமில்லை. பாதிக் குடமென்றால் மேற்பரப்பு வயிற்றின் முழு அகலத்துக்கு விரியும், ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் போய் இடித்துத் திரும்பும். ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதை அடக்கத்துக்கு உவமையாகவே படித்துவிட்டோம். அது குடத்தின் வடிவமைப்புக் குறிப்பும்கூட.

இனி தலையில் சுமப்பவரைப் பாருங்கள். சும்மாடு இல்லாமல் குடம் ஏறாது. பழைய துணியைச் சுருட்டி வளையமாக்கியது, காசு செலவில்லாதது. ஆனால் கடையில் விற்கும் குடத்தோடு அது வருவதில்லை, ஏனென்றால் குடத்தைச் செய்தவர் தலையை நினைத்துச் செய்யவில்லை. ஒரு பொருளுக்கும் உடம்புக்கும் இடையில் மக்கள் தாங்களாகவே செருகிக்கொள்ளும் இந்த மாதிரி ஏற்பாடுகளைத்தான் மாணவர் தேடிக் குறிக்க வேண்டும். பிடியில் சுற்றிய கந்தல் துணி, வண்டிச் சக்கரத்துக்குக் கீழே வைத்த கல், தராசில் தொங்கும் காந்தத் துண்டு, சைக்கிள் கேரியரில் கட்டிய டியூப் பட்டை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பாதி தீர்த்துவைத்த பிரச்சினை. ஒரே இடத்தில் காலை, மதியம், இருட்டியபின் என்று மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் நின்றால் இவற்றில் பதினைந்து இருபதாவது கண்ணில் படும். ஒரே தடவை போய்ப் பத்து செல்ஃபி எடுத்துத் திரும்புவதை ‘கள ஆய்வு’ என்று அறிக்கையில் எழுதுவதை ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கேட்கும் கேள்வியிலும் தவறு நடக்கிறது. ‘அக்கா, இப்படி ஒரு வண்டி இருந்தா வாங்குவீங்களா?’ என்று கேட்டால், ‘நல்லா இருக்கு தம்பி, செய்யுங்க’ என்றுதான் பதில் வரும். படிக்கிற பிள்ளை மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் அது, தகவல் அல்ல. ‘நேத்து மழை வந்தப்ப சரக்கை எங்க வச்சீங்க?’, ‘கடைசியா எது உடைஞ்சது, சரிபண்ண எவ்வளவு ஆச்சு?’ என்று நடந்ததைக் கேட்க வேண்டும். வகுப்புத் தோழர்கள் 100 பேருக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பி, அவர்கள் விருப்பத்தை வட்ட வரைபடமாகப் போடுவது பக்கத்தை நிரப்பும், வேறு எதற்கும் ஆகாது.

தலைப்பின் அகலமும் சேர்ந்து கெடுக்கிறது. ‘தெருவோர வியாபாரிகள்’ என்பது தலைப்பே அல்ல, மக்கள்தொகைக் கணக்கு. யார், எந்த வேலையின் எந்த அசைவு, எங்கே எப்போது என்ற மூன்றையும் சொல்லும்வரை அதைச் சுருக்க வேண்டும். ‘மாலையில் பஸ் ஸ்டாண்ட் வாசலில் பூ விற்பவர், ஒரு கையால் சரத்தைப் பிடித்து முழம் போட்டுக்கொண்டே மறு கையால் சில்லறை கொடுப்பது’ என்று எழுதியதும் கேள்விகள் தாமாக வரும். ஈரக் கையில் நோட்டு நனைகிறது; ஈரத் துணியை எடுத்தால் பூ வாடும், எடுக்காவிட்டால் வாங்க வருபவர் கண்ணுக்குப் பூ தெரியாது. அகலமான தலைப்பில் மாணவர் தொலைந்துபோவதைத்தான் வெளியில் இருப்பவர்கள் கற்பனைக் குறைவு என்று எண்ணுகிறார்கள்.

இன்னொன்று, அதிகம் யாரும் பேசாதது. தமிழில் படித்து வந்த பிள்ளைகள் பலர் டிசைன் வகுப்பில் வாயடைத்துப் போவதற்கு மொழி ஒரு காரணம். பிரச்சினையை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தில் ‘கேரி’ என்று ஒரே சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்கு விடை ‘பேக்’ என்று முடிந்துவிடும். அதே மாணவரிடம் தமிழில் வினைச்சொற்களை எழுதச் சொல்லுங்கள். தூக்கு, சும, ஏந்து, கக்கத்தில் இடுக்கு, இடுப்பில் செருகு, தோளில் தொங்கவிடு, மடியில் கட்டு, முந்தானையில் முடி, இழு, தள்ளு, உருட்டு. ஒவ்வொரு சொல்லிலும் உடம்பின் வேறொரு இடம் வேலை செய்கிறது, ஒவ்வொன்றும் வேறொரு பொருளைக் கேட்கிறது. பை என்ற சொல்லை எழுதவே கூடாது என்று தடை போட்டு இந்தப் பட்டியலோடு உட்கார வைத்தால், ஒரு மணி நேரத்தில் இருபது திசைகள் கிடைக்கும்.

‘காய் வெட்டும் கருவி’ என்ற சலித்துப்போன தலைப்பையே எடுத்துப் பாருங்கள். நறுக்கு, அரி, சீவு, துருவு, கீறு, கிள்ளு, ஆய், உரி என்று எழுதினால் அரிவாள்மணை நினைவுக்கு வரும். கத்தியில் காய் நிற்கும், அலகு நகரும். அரிவாள்மணையில் அலகு நிற்கும், காய் நகரும். மணைக்கட்டையைக் காலோ உடம்பின் எடையோ அழுத்திக்கொள்வதால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கின்றன. அலகின் நுனியிலேயே தேங்காய்த் துருவியும் இருக்கும். சமையல் மேடை நின்று வேலை செய்யும் உயரத்துக்கு ஏறியதும் இது வீட்டின் மூலைக்குப் போய்விட்டது. அலகு அசையாமல் நிற்பதால், ஒரு கை மட்டும் வேலை செய்யும் ஒருவருக்கு இதே தத்துவத்தில், மேடை விளிம்பில் கவ்வி நிற்கும் ஒரு கருவி சாத்தியமா? அலகை மூடுவது எப்படி? கழுவுவது எப்படி? இங்கே ஒரு பருவத்துக்கான வேலை கிடக்கிறது. வினைச்சொல்லைப் பிரித்ததில் வந்தது இது, மின்னல் எதுவும் வெட்டவில்லை.

குழுவாக உட்கார்ந்து ஐடியா பேசும் ‘பிரெய்ன்ஸ்டார்மிங்’ நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரு சடங்கு. அமெரிக்க விளம்பரத் துறையில் அலெக்ஸ் ஆஸ்போர்ன் பரப்பிய முறை அது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் குழுவையும், தனித்தனியே வேலை செய்த நான்கு பேரின் விடைகளைச் சேர்த்ததையும் ஒப்பிட்டபோது, தனித்தனியே செய்தவர்கள் பக்கம்தான் அதிக யோசனைகள் இருந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தன் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்லத் துணிவு போய்விடும். நம் வகுப்பில் அந்தப் ‘பேசும் ஒருவர்’ யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலம் சரளமாக வருபவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இதற்குப் பதிலாக 1968-இல் ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் சொன்ன 6-3-5 முறை நம் வகுப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை, பிறகு தாளைப் பக்கத்தவரிடம் தள்ளிவிட்டு, தன்னிடம் வந்த தாளில் எழுதியிருப்பதன்மேல் மூன்று. ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 யோசனை. யாரும் வாய் திறக்கக் கூடாது, எந்த மொழியிலும் எழுதலாம். இது கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். எழுத்து மட்டும் என்று விட்டால் ‘ஸ்மார்ட்’, ‘மல்டி பர்ப்பஸ்’ என்று வெற்றுச் சொற்கள் விழும், ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் கட்டாயம். நான்காவது சுற்றில் எல்லோரும் காய்ந்துபோவார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் ‘விலை பத்தில் ஒரு பங்கு’, ‘மின்சாரம் கிடையாது’, ‘இரவில் மட்டும்’ என்று ஒரு புது நிபந்தனையைப் பலகையில் எழுதிவிட்டால் மீண்டும் ஓடும். 108-இல் பாதி திரும்பத் திரும்ப வரும். அதில் பதற ஒன்றுமில்லை.

தனியாக வரையும்போது ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், தடித்த மார்க்கர் பேனா. மெல்லிய பென்சில் கொடுத்தால் முதல் கட்டத்திலேயே நிழல் போட உட்கார்ந்துவிடுவார்கள். ஆறு தாள் முடிந்தால் 48. முதல் பத்து எல்லோருக்கும் வருவதுதான். பதினைந்தைத் தாண்டும்போது ஒரு முட்டுச்சந்து வரும், பலர் அங்கே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எழாமல், பொருளை விட்டுவிட்டு வினைச்சொல்லையோ ஆளையோ மாற்றிக் கேட்டால் அதற்குப் பின் வருபவைதான் சொந்தமானவை.

கணினிக்கு எப்போது போவது என்பதில் எங்கள் கருத்து கறாரானது. கைக்கு அடங்கும் அளவிலோ நிஜ அளவிலோ ஒரு மாதிரி செய்யும்வரை போகவே கூடாது. முப்பரிமாண மென்பொருளில் பழகாத மாணவர், தனக்கு வரையத் தெரிந்த வடிவத்தையே தன் யோசனை என்று நம்பத் தொடங்கிவிடுவார். அதனால்தான் எல்லாப் பொருளும் முனை மழுங்கிய பெட்டியாக வருகிறது. 3டி பிரிண்டரும் அப்படியே. பல சிறிய பிரிண்டர்களின் மேடை 220 மில்லிமீட்டர் சதுரம். பொருளின் அளவை ஆளின் கை தீர்மானிக்காமல் அந்த மேடை தீர்மானித்துவிடும்.

மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும். அட்டையின் உள்ளே ஓடும் நெளிவு வரிகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டினால் ஆள் உட்காரும் அளவுக்குத் தாங்கும். படுக்கைவாட்டில் வெட்டினால் கால் மடங்கி விழும், விழுந்ததும் ‘ஐடியா வேலை செய்யவில்லை’ என்று நல்ல யோசனையைக் கைவிட்டுவிடுவார்கள். மடிக்கும் கோட்டில் மேல்தாளை மட்டும் கீறினால் போதும். வளைந்த வடிவத்துக்குத் தெர்மாகோல் எடுத்தால், ஒட்ட வெள்ளைப் பசை, அதாவது பெவிகால் வகைதான். ரப்பர் பசையும் ஸ்பிரே பெயின்டும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஜூரி எனப்படும் மதிப்பீட்டுக்கு முந்தின நாள் இரவு இதைக் கண்டுபிடிப்பவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

வழிகாட்டிகள் சொல்லும் ஒரு வாக்கியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்: ‘இது ஏற்கெனவே இருக்கிறதே!’ இருக்கட்டும். இருந்தும் நம் தெருவில் ஏன் யாரும் பயன்படுத்தவில்லை என்று கேட்டால் அங்கேயே புராஜெக்ட் தொடங்கிவிடும். விலையா, கழுவ முடியவில்லையா, பழுதுபார்க்க ஆள் இல்லையா, பார்க்க வெட்கமாக இருக்கிறதா? அந்த வாக்கியத்தை இரண்டு முறை கேட்ட மாணவர் மூன்றாம் முறை எந்த யோசனையையும் காட்ட மாட்டார், வழிகாட்டிக்குப் பிடித்ததைக் கேட்டு அதையே செய்துவிடுவார்.

எங்கள் வேண்டுகோள் எளிது. முதல் வாரத் தாளில் தலைப்பும் விளைவும் வேண்டாம். ஆள், அசைவு, இடம், நேரம் மட்டும் கேளுங்கள். இரண்டாம் வாரக் கடைசியில் மூன்று வேளைக் கவனிப்புக் குறிப்பும் 48 கட்டங்களும் வரட்டும். மூன்றாம் வாரம் நிஜ அளவு அட்டை மாதிரி இரண்டு, அவற்றில் ஒன்று மாணவரே வேண்டாம் என்று ஒதுக்கியதாக இருக்கட்டும். அதன்பிறகு தலைப்பு எழுதினால் போதும். இறுதி மதிப்பெண் 100-இல் 15-ஐயாவது ஒதுக்கிய யோசனைகளுக்கும், ஏன் ஒதுக்கினேன் என்ற இரண்டு வரிக்கும் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் பருவக் கடைசியில் யாரும் செய்ய மாட்டார்கள், மாணவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வாரம் வீணாகிறதே என்று தயங்கும் துறைத் தலைவர்கள், தங்கள் அலமாரியில் இருக்கும் கடந்த ஐந்தாண்டுப் புராஜெக்ட் அறிக்கைகளை எடுத்து, தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பொருள் வடிவமைப்பு ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.